பெரம்பூரில் ஒரு தமிழாசிரியர்: திரு.வி.க. வாழ்க்கையும் நம் தொழிற்சாலைகளும்



கிண்டி எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த எஸ்டேட்டின் முழுப் பெயர் திரு.வி.க. தொழிற்பேட்டை. பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் அந்தப் பெயரை எத்தனையோ முறை பார்த்திருப்போம். பள்ளிக்கூடப் பாடத்தில் தமிழ்த்தென்றல் என்று படித்த அதே திரு.வி.க.தான் இவர். இலக்கணமும் சமய நூல்களும் கற்ற ஒரு தமிழாசிரியரின் பெயர், லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் இடத்துக்கு ஏன் வந்தது?

இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், சென்ற நூற்றாண்டை உலுக்கிய ஒரு பெரிய கேள்விக்கு வந்து சேர்வோம். தொழில் வளரும்போது, அதில் உழைப்பவர்கள் ஒன்றுகூடித் தங்கள் குறையைப் பேசலாமா, கூடாதா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் நமக்கு இது பழைய கதை அல்ல.

துள்ளத்திலிருந்து ராயப்பேட்டைக்கு

திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம் 1883 ஆகஸ்ட் 26 அன்று அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று தண்டலம் என்று வழங்குகிறது. நமக்கும் சென்னை நகரத்துக்கும் இடைப்பட்ட பகுதிதான். முன்னோர் திருவாரூரிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்த ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முதல் எழுத்து தந்தையிடம். பிறகு குடும்பம் சென்னை ராயப்பேட்டைக்கு வந்தது. வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார். அங்கே யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழின் சுவையைக் காட்டினார். அந்த ஆசிரியர் ஒரு வழக்கில் சிக்கியபோது மாணவர் அவருக்காக நீதிமன்றப் படியேறினார். அதனால் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. முறையான படிப்பு அதோடு முடிந்தது. இன்றைய கணக்கில் பிளஸ் டூவைத் தாண்டாதவர்.

சிறிது காலம் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதினார். வங்கப் பிரிவினைக்குப் பிறகு நாடெங்கும் எழுந்த சுதேசி அலை அவரையும் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி வேலையும் சுதேசிப் பேச்சும் ஒன்றாகப் போகவில்லை. பிறகு வெஸ்லி பள்ளியில் ஆசிரியர், அதன்பின் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1912-ல் கமலாம்பிகையை மணந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் நிலைக்கவில்லை. 1918-ல் மனைவியும் காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917 டிசம்பரில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அன்று அரசியல் மேடைகளில் ஆங்கிலமே கோலோச்சியது. தமிழ்ப் பத்திரிகைகளிலும் பாதிக்குப் பாதி வடசொல்லும் ஆங்கிலமும் கலந்திருக்கும். திரு.வி.க. அரசியலையும் பொருளாதாரத்தையும் எளிய தமிழில் எழுதினார், பேசினார். ஆலையில் தறி ஓட்டுபவருக்கும் புரிந்தது. சில மாதங்களில் பெரம்பூர் அவரை அழைத்ததற்கு இதுவே காரணம்.

பெரம்பூரில் அரை மணி நேரம்

பெரம்பூரில் பின்னி கம்பெனி நடத்திய பக்கிங்ஹாம் ஆலை 1876-லும் கர்நாடிக் ஆலை 1881-லும் தொடங்கியவை. பி அண்ட் சி மில் என்று நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். இன்று நம் பகுதிக்கு ஹூண்டாய் எப்படியோ, அன்று வடசென்னைக்கு அது அப்படி. முதல் உலகப் போர்க் காலத்தில் துணிக்கு நல்ல கிராக்கி. ஆலைக்கு நல்ல லாபம். ஆனால் அரிசி விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறின. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆடவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆலையில் வேலை செய்யலாம்.

அந்தப் பகுதியில் கடை வைத்திருந்தவர் செல்வபதி செட்டியார். அவரிடமும் நண்பர் ராமானுஜலு நாயுடுவிடமும் தொழிலாளர்கள் வந்து சொன்ன குறைகளில் ஒன்று, மதிய உணவு இடைவேளை. அரை மணி நேரம்தான். ஆலை வாசலைத் தாண்டி வந்து, சாப்பிட்டு, கை கழுவி, மறுபடி உள்ளே போக அது போதவில்லை, தாமதமானால் தண்டனை. புரட்சி பேசவில்லை யாரும். நிம்மதியாகச் சோறு தின்ன இன்னும் சில நிமிடம் கேட்டார்கள்.

செல்வபதியும் ராமானுஜலுவும் 1918 மார்ச்சில் திரு.வி.க.வை அழைத்துத் தொழிலாளர் கூட்டத்தில் பேச வைத்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் உதவியாளராக இருந்த பி.பி. வாடியா என்ற பார்சிக்காரரும் வந்து சேர்ந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், செல்வபதியும் ராமானுஜலுவும் செயலாளர்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் இதைச் சொல்கின்றன.

அதற்கு முன்னும் வேலைநிறுத்தங்கள் நடந்ததுண்டு. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. நடத்திய போராட்டம் வெற்றியும் பெற்றது. ஆனால் போராட்டம் முடிந்த மறுநாளும் இருக்கும் அமைப்பு வேறு. அதற்கு உறுப்பினர் பட்டியல், சந்தா, கணக்கு, வாராந்திரக் கூட்டம் எல்லாம் வேண்டும். ஒரு சங்கத்தைத் தொடங்குவதைவிட நடத்துவதே பெரிய வேலை என்பது நம் நிர்வாகக் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெரம்பூரில் அதைச் செய்தார்கள். விரைவிலேயே டிராம், ரயில்வே, அச்சகத் தொழிலாளர்களிடையேயும் சங்கங்கள் தோன்றின. அவற்றின் மேடைகளில் திரு.வி.க. அடிக்கடி நின்றார்.

வழக்கிலிருந்து வந்த சட்டம்

1917-ல் ரஷ்யாவில் புரட்சி நடந்தது. அந்த அச்சம் எல்லா நாட்டு ஆலை முதலாளிகளுக்கும் இருந்தது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு எட்டு மணி நேர வேலை என்ற நெறியை வகுத்தது. ஆனால் இந்தியாவுக்கு வாரம் அறுபது மணி நேரம் என்று விலக்குத் தந்தது. அதன்படியே 1922-ல் இங்கே சட்டம் திருத்தப்பட்டது.

சங்கம் வைக்கும் உரிமைக்கோ அப்போது சட்டமே கிடையாது. 1920 இறுதியில் பக்கிங்ஹாம் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தனர். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை தந்தது. கடைசியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகுவது என்ற சமரசத்தோடு வழக்கு முடிந்தது.

சட்டக் கண்ணில் பார்த்தால் நிலைமை விசித்திரமானது. தனி மனிதர் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து அப்படி முடிவெடுத்தால், அவர்களுக்கு யோசனை சொன்னவர் நஷ்டஈடு கட்ட வேண்டியிருக்கும். இந்த ஓட்டையைக் கண்டுதான் 1921 மார்ச்சில் பம்பாயைச் சேர்ந்த என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பதிவும் பாதுகாப்பும் தரும் சட்டம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு இழுபறிக்குப் பின் 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்ட அந்தச் சட்டத்தின் வேர் பெரம்பூரில் இருக்கிறது.

1921: உள்ளிருந்தே உடைந்தது

வாடியா போன பிறகு பாரத்தின் பெரும்பகுதி திரு.வி.க. தோளுக்கு வந்தது. 1920 அக்டோபரில் 'நவசக்தி' என்ற சொந்தப் பத்திரிகையையும் தொடங்கியிருந்தார். 1921-ல் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்து மாதக்கணக்கில் நீண்டது.

இந்த முறை நிர்வாகத்தின் பலத்தைவிடத் தொழிலாளருக்குள் இருந்த பிளவே சங்கத்தை வீழ்த்தியது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்தில் சேராமல் ஆலைக்குப் போனார்கள். அவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிடுவது எளிது. வேலை போனால் திரும்பிப் போக அவர்களுக்கு ஊரில் காணி நிலம் இல்லை. கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. ஊரில் தள்ளி வைத்தவர்கள் ஆலை வாசலில் மட்டும் கைகோத்து நிற்கச் சொன்னால் அதை நம்புவதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது? எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அவர்கள் பக்கம் நின்று பேசினார்கள். புளியந்தோப்பில் மோதல் மூண்டது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் இறுதியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இதற்கிடையே ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்தப்படும் நிலை வரும் என்று எச்சரித்தார். நாடு கடத்தல் நடக்கவில்லை. ஆனால் சங்கம் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின.

எல்லோருக்கும் பொதுவான கூலிக் கேள்வி ஒன்று இருந்தால் மற்ற வேற்றுமைகள் தாமாகக் கரைந்துவிடும் என்று பல நாடுகளின் தொழிலாளர் தலைவர்கள் நம்பினார்கள். புளியந்தோப்பு அதை மறுத்தது. கடைசி வரிசையில் நிற்பவரின் அச்சத்தை முதலில் தீர்க்காத சங்கம், நெருக்கடியில் அவரை இழக்கும்.

காஞ்சிபுரத்தில் ஒரு நாற்காலி

நான்காண்டு கழித்து இதே கேள்வி வேறு உருவில் நம் மாவட்டத் தலைநகருக்கு வந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு. தலைவர் திரு.வி.க. அரசு வேலையிலும் சட்டசபையிலும் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வேண்டும் என்ற தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். திரு.வி.க. அதை அனுமதிக்கவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார். காங்கிரஸை விட்டும் போனார். பிற்காலத் தமிழ்நாட்டு அரசியல் அந்த நாளிலிருந்து புதிய பாதையில் திரும்பியது.

நாட்டு விடுதலைக்கு முன் கட்சி உடையக் கூடாது என்பது திரு.வி.க.வின் கவலை. பங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிறகு வரவே வராது என்பது பெரியாரின் பதில். பின்னாளில் வரலாறு பெரும்பாலும் பெரியார் பக்கமே சாய்ந்தது. ஆனால் இருவர் நட்பும் முறியவில்லை. கொள்கையில் எதிரெதிராக நின்றும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர முடிந்த காலம் அது.

திரு.வி.க. மார்க்ஸைப் படித்தார், காந்தியடிகளைப் போற்றினார், சைவத்தையும் சன்மார்க்கத்தையும் விடவில்லை. பொதுவுடைமைக்கு அறநெறி அடித்தளம் வேண்டும் என்பது அவர் கருத்து. பெண்களின் நிலை பற்றி 'பெண்ணின் பெருமை' எழுதினார். விதவை மறுமணத்தை ஆதரித்தார். எந்தப் பெட்டியிலும் முழுதாக அடங்காத மனிதர். அதனாலேயே எந்தக் கட்சியும் அவரை முழுதாகச் சொந்தம் கொண்டாடவில்லை.

சொந்த ஆட்சியில் வீட்டுக் காவல்

1947-ல் பி அண்ட் சி ஆலையில் மறுபடி பெரிய வேலைநிறுத்தம். அப்போது சென்னை மாகாணத்தில் நடந்தது காங்கிரஸ் ஆட்சி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வர். திரு.வி.க.வுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் தொழிலாளர் பக்கம் நின்றார். அரசு அவரை வீட்டுக் காவலில் வைத்தது. எந்த விடுதலைக்காகக் கல்லூரி வேலையை விட்டாரோ, அந்த விடுதலை வந்த ஆண்டிலேயே அவர் காவலில் இருந்தார்.

நம்முடைய அரசு வந்துவிட்டால் தொழிலாளிக்குத் தனியாக ஒரு குரல் எதற்கு என்ற கேள்வி அன்று பலருக்கு இருந்தது. நாடு வளர உற்பத்தி வேண்டும், உற்பத்திக்கு அமைதி வேண்டும் என்பது அரசின் நியாயம். அதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அமைதியின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். முதலில் வெள்ளை அரசிடமும், பிறகு தன் சொந்தக் கட்சி அரசிடமும் அவர் அதையே கேட்டார்.

கடைசி ஆண்டுகளில் கண் பார்வை போனது. சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுத, நூல்களைத் தொடர்ந்தார். 1953 செப்டம்பர் 17 அன்று சென்னையில் காலமானார்.

பெரம்பூரிலிருந்து ஒரகடத்துக்கு

பி அண்ட் சி ஆலை 1996-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சென்னையின் தொழில் வடக்கிலிருந்து தென்மேற்குக்கு இடம் மாறியது என்று சொல்லலாம். கேள்விகளும் கூடவே வந்தன.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நிலை கெட்ட தொழிற்சாலைப் பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று டிராஃபிக்கில் சிக்கிச் சலித்துக்கொண்டவர்களும் நம்மில் உண்டு. குறையைக் கேட்க உள்ளே ஓர் இடம் இல்லாவிட்டால் அது சாலைக்கு வரும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும், மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன அதே பன்னிரண்டு.

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் சங்கத்தின் பதிவு ஒரு முக்கியக் கோரிக்கை. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்தப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. இப்போது, 2025 நவம்பர் 21 முதல், அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது. சங்கத்தை யார் ஏற்பது, எந்த அளவுக்கு ஏற்பது என்ற வாதம் தொடரும்.

நம் குடியிருப்பில் இரு பக்கத்தாரும் வாழ்கிறோம். எச்.ஆர். மேலாளர் உண்டு, ஷிஃப்ட் சூப்பர்வைசர் உண்டு, லைனில் நிற்பவரும் உண்டு. ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடுமோ என்ற பயமும் நிஜம். ஒப்பந்த வேலையில் அடுத்த மாதம் இருக்குமா என்ற பயமும் நிஜம். 1921-ல் சாதி பிரித்த இடத்தில் இன்று நிரந்தரம், ஒப்பந்தம், உள்ளூர், வடமாநிலம் என்ற கோடுகள் ஓடுகின்றன. திரு.வி.க. வாழ்க்கை இவற்றுக்குத் தயார் விடை தராது. அவர் ஜெயித்ததும் தோற்றதும் எந்த இடத்தில் என்று பார்த்தால் நமக்கு ஏதாவது தெளியலாம்.

நம்முடையதும் ஒரு சங்கம்தான். தண்ணீர் லாரிக்கும் லிஃப்டுக்கும் பில்டரிடம் ஒன்றாகப் போய்ப் பேசுகிறோம். தனியாகப் போனால் நடக்காது என்று தெரியும். அதே உரிமை நம் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் படிக்கட்டு கூட்டும் அம்மாவுக்கும் உண்டு. ஏஜென்சி ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறை ஆகியவற்றோடு, அவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடமும் அதற்குப் போதுமான நேரமும் உண்டா என்பதையும் பொதுக்குழுவில் கேட்போம்.

திரு.வி.க. தம் கதையைத் தாமே எழுதிய 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' 1944-ல் வந்தது. அவர் நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெரம்பூர் பகுதிகளை மட்டுமாவது பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்களில் பலர் நாளை இந்தச் சாலையில்தான் வேலைக்குப் போகப்போகிறார்கள்.